இரண்டு ரிமோட், ஒரு வாங்கு: எங்கள் வாசிகசாலை விளையாட்டு அறைக்கு உதவி கேட்கிறோம்

அன்பான ஊரவர்களுக்கும், வெளிநாடுகளில் இருக்கும் எங்கள் உறவுகளுக்கும் வணக்கம்.

கல்லடியில் எங்கள் வாசிகசாலையின் பின்னறை நீண்ட நாளாகப் பூட்டிக் கிடந்ததை அறிவீர்கள். இந்த வருடம் அதைத் துப்புரவாக்கி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, இரண்டு வாங்கு போட்டிருக்கிறோம். அங்கே நான்கு கணினிகளை வைத்து, நாங்கள் சின்ன வயதில் டிவி கேம் பெட்டியில் விளையாடிய பழைய விளையாட்டுகளை இன்றைய பிள்ளைகள் இருவர் இருவராக உட்கார்ந்து விளையாட வழி செய்யப்போகிறோம். அதற்கு இன்னும் 231,500 ரூபாய் வேண்டும். அதைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறோம்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஒழுங்கையில் ஒரே ஒரு வீட்டில்தான் டிவி கேம் இருந்தது. சனிக்கிழமை பின்னேரம் அந்த வீட்டு வாசலில் பத்துப் பன்னிரண்டு சோடிச் செருப்பு கிடக்கும். ரிமோட் இரண்டுதான். உயிர் போனால் ரிமோட்டை அடுத்தவனிடம் கொடுத்துவிட வேண்டும், அதுதான் சட்டம். எல்லோருக்கும் பிடித்தது டாங்கி கேம். 1985இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட 'பேட்டில் சிட்டி' என்பதுதான் அதன் பெயர் என்று பிறகுதான் தெரிந்துகொண்டோம். ஒருவர் முன்னுக்குப் போய் அடிக்க வேண்டும், மற்றவர் கீழே நின்று எங்கள் தளமான கழுகைக் காக்க வேண்டும். இரண்டு பேரும் முன்னுக்கு ஓடினால் கழுகு போய்விடும். கூட்டாளியைத் தவறிச் சுட்டால் அவருடைய டாங்கி கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும். அதனால் வந்த சண்டைகள் எத்தனை! ஆனாலும் பேசிப் பேசித்தான் விளையாட வேண்டும். பேசாமல் அந்த விளையாட்டை வெல்லவே முடியாது. வெளியே வீதியில் நிசமான கவச வாகனங்கள் போய்வந்த காலம் அது. பிள்ளைகள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பது தெரிந்தால் போதும், அம்மாமார் கொஞ்சம் நிம்மதியாக இருப்பார்கள்.

இப்போது ஒரே வீட்டில் அண்ணன் ஒரு மூலையில் போனோடு, தங்கை இன்னொரு மூலையில் போனோடு. நாங்கள் போனுக்கு எதிரான ஆட்கள் அல்ல. எங்கள் பிள்ளைகளிடமும் போன் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் இருப்பவரின் முழங்கையில் இடிபட்டுக்கொண்டு விளையாடுவது என்றால் என்னவென்றே தெரியாமல் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

போன சித்திரை விடுமுறையில் இதைச் செய்து பார்த்தோம். டொரோண்டோவில் இருந்து லீவில் வந்திருந்த ஓர் அண்ணா தன்னுடைய அசல் மாரியோ கசெட்டையும், கசெட்டில் இருப்பதைக் கணினிக்குள் எடுக்கும் சின்னக் கருவியையும் கையோடு கொண்டுவந்திருந்தார். உறுப்பினர் ஒருவரின் பழைய மடிக்கணினியில், பழைய விளையாட்டுகளை ஓட்டும் எமுலேட்டர் என்ற புரோகிராமைப் போட்டு, இரண்டு ரிமோட்டைச் செருகினோம். முதல் நாள் ஐந்து பிள்ளைகள் வந்தார்கள். மூன்றாம் நாள் வாசலில் செருப்பு நிறைந்துவிட்டது. டச்பார் பக்கத்தில் இருந்து வந்த தரம் 7 தம்பியும், நொச்சிமுனையில் இருந்து வந்த தரம் 9 தங்கச்சியும் அதற்கு முன் ஒருவரை ஒருவர் கண்டதே இல்லை. ஒருவர் மாரியோ, மற்றவர் லூயிஜி. ஒருவர் விழுந்தால்தான் மற்றவருக்கு முறை வரும். ஒரு மணி நேரத்தில் அந்தத் தங்கச்சி அவனுக்கு எந்தக் குழாய்க்குள் இறங்க வேண்டும் என்று அதட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் நடந்ததைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எமுலேட்டரில் ஒரு வசதி இருக்கிறது. விளையாட்டை நிறுத்திவிட்டு, அதற்குள் இருக்கும் படத்துண்டுகளை எல்லாம் ஒரு பலகையில் பரப்பிப் பார்க்கலாம். ஒவ்வொரு துண்டும் எட்டுக்கு எட்டுப் புள்ளி. அந்தத் தம்பி அதைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று, "அண்ணா, மேகத்துக்குப் பச்சை அடிச்சுக் கீழ பத்தையா வெச்சிருக்காங்க!" என்று கத்தினான். உண்மைதான். மாரியோவில் வானத்தில் மிதக்கும் மேகமும் தரையில் நிற்கும் பத்தையும் ஒரே படம், நிறம் மட்டும்தான் வேறு. முழு விளையாட்டும் வெறும் 40 கிலோபைட். அதில் 32 புரோகிராமுக்கு, 8 படங்களுக்கு. உங்கள் போனில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்குள் இப்படிப் பல மாரியோக்களை அடக்கலாம். இருக்கிற இடத்துக்குள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதைப் பாடப் புத்தகம் இல்லாமலே அந்தப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்தான். அன்று பின்னேரம்தான் குழுவில் எல்லோரும் இந்த அறையைச் செய்தே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

எமுலேட்டர் என்றால் என்ன என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். 1983இல் நின்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட ஃபமிகொம் பெட்டியைத்தான் எங்கள் ஊருக்கு வந்த டிவி கேம்கள் பின்பற்றின. அதன் மூளையாக இருந்த சிப் நொடிக்கு ஏறக்குறைய 18 இலட்சம் துடிப்பு துடிக்கும். வேலை செய்ய அதற்கு இருந்த நினைவகம் 2 கிலோபைட். அந்தச் சிப் என்னென்ன செய்ததோ அதையெல்லாம் வரிசை பிசகாமல் செய்து காட்டும் ஒரு புரோகிராம்தான் எமுலேட்டர். விளையாட்டுக்குத் தான் பழைய பெட்டிக்குள் ஓடவில்லை என்பதே தெரியாது. இன்றைய கணினி நொடிக்கு முந்நூறு கோடித் துடிப்பு துடிப்பதால், அலுவலகங்களில் பத்து வருடம் பாவித்துக் கழித்த கணினியே இதற்குத் தாராளம். 1994இல் வந்த முதல் பிளேஸ்டேஷனையும் அதில் ஓட்டலாம். எஃப்சிஇயூஎக்ஸ், மெசென், ரெட்ரோஆர்ச் என்ற எமுலேட்டர் புரோகிராம்கள் எல்லாம் இலவசம். மென்பொருளுக்கு ஒரு சதமும் கேட்கவில்லை.

பழைய பெட்டிகளையே தேடி வாங்கலாமே என்றும் சிலர் சொன்னார்கள். எங்கள் அலுமாரியில் ஒரு மஞ்சள் கசெட் இருக்கிறது. சுனாமிக்குச் சில வாரங்களுக்குப் பிறகு, வீடு இருந்த இடத்து மணலுக்குள் இருந்து எங்கள் உறுப்பினர் ஒருவர் எடுத்தது. மேலே ஒட்டியிருந்த படம் போய்விட்டது. பின்பக்கம் நீலப் பேனையால் எழுதிய பெயர் மட்டும் பாதி தெரிகிறது. திறந்து பார்த்தால் ஒரு சின்னப் பலகை, நடுவில் கறுப்புப் பிசின் பொட்டுக்கு அடியில் சிப், கீழ் விளிம்பில் வரிசையாகச் செப்புப் பற்கள். பற்கள் முழுக்கப் பச்சைக் களிம்பு. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தோம், அழிறப்பரால் தேய்த்தோம். அது எழும்பவே இல்லை. அலை தொடாத கசெட்களும் இங்கே நெடுநாள் நிற்பதில்லை. கடற்காற்றின் உப்பும் ஈரமும் செப்பைத் தின்றுவிடும். சின்ன வயதில் கசெட் வேலை செய்யாவிட்டால் வாயால் ஊதிச் செருகுவோமே, அந்த எச்சில் ஈரமும் களிம்பைத்தான் கூட்டியது. இருப்பதைக் கணினிக்குள் எடுத்து வைக்காவிட்டால் இன்னும் சில வருடங்களில் ஒன்றும் மிஞ்சாது.

சட்டம் பற்றியும் ஒளிக்காமல் பேசுகிறோம். எமுலேட்டர் செய்வது குற்றம் அல்ல. சோனி நிறுவனம், தன் பிளேஸ்டேஷனுக்கு எமுலேட்டர் செய்த கொனெக்டிக்ஸ் என்ற நிறுவனத்தின் மேல் தொடுத்த வழக்கில் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் கொனெக்டிக்ஸ் பக்கமே தீர்ப்புச் சொன்னது. ஆனால் விளையாட்டுக்கு உரிமையாளர் இருக்கிறார். எங்கள் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் கணினிப் புரோகிராம்களைப் பாதுகாக்கிறது. நாங்கள் சின்ன வயதில் விளையாடிய கசெட்களில் பெரும்பாலானவை நகல்கள். 9999 விளையாட்டு என்று மேலே போட்டிருக்கும், உள்ளே ஒரு சிலதான் திரும்பத் திரும்ப வரும். அந்த வழியில் இந்த அறை போகாது. கண்ட இடத்தில் இருந்து இறக்கிய கோப்புகள் எங்கள் கணினியில் ஏறாது. அசல் கசெட்டோ அசல் டிஸ்க்கோ எங்கள் அலுமாரியில் இருந்தால்தான் அந்த விளையாட்டு திரையில் வரும். இன்றைக்கும் பழைய பெட்டிகளுக்காகப் புதிதாக எழுதி இலவசமாகத் தரும் ஆட்கள் இருக்கிறார்கள், அவற்றையும் வைப்போம். நின்டெண்டோவின் கையடக்கக் கேம்போய் பெட்டிக்காக 2017இல் வந்த 'டோபு டோபு கேர்ள்' அப்படி ஒன்று. அதன் மூலநிரலையும் திறந்து தந்திருக்கிறார்கள்.

அந்த மூலநிரலில்தான் எங்கள் உயர்தர ஐசிடி மாணவர்கள் கண் வைத்திருக்கிறார்கள். முகப்புத் திரையைத் தமிழில் மாற்ற வேண்டுமாம். எட்டுக்கு எட்டுக் கட்டத்துக்குள் 'ப', 'ட' சுகமாக வந்துவிட்டன. 'ண'வும் 'ஞ'வும் அடங்கவில்லை. கட்டக் கொப்பியில் கீறிக் கீறி அழித்து, கடைசியில் இந்த எழுத்துகளுக்கு இரண்டு கட்டம் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம் என்று ஒரு மாணவி சொன்னாள். கணினி வந்ததும் முதல் வேலை அதுதான் என்று காத்திருக்கிறார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். திரையோடு சேர்த்துப் பாவித்த கணினி ஒன்று 45,000 ரூபாய், நான்குக்கு 180,000. கரண்ட் போனால் கணினி பழுதாகாமல் இருக்க யூபிஎஸ் நான்கு, 72,000. இதைக் குறைக்கலாமா என்று நெடுநேரம் யோசித்தோம். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததை மறக்க முடியவில்லை, ஐப்பசி கார்த்திகை இடிமின்னலும் இருக்கிறது. ரிமோட் எட்டுக்கு 20,000, கசெட் படிக்கும் கருவிக்கு 25,000, டிஸ்க் படிக்கும் டிரைவுக்கு 6,000. வயரிங், மின்னல் தடுப்பு, உப்புக்காற்றுப் புகாத மூடி போட்ட அலுமாரி, காற்றாடி எல்லாம் சேர்த்து 47,000. மொத்தம் 350,000. உறுப்பினர் சந்தாவில் இருந்தும் ஊரில் மீன் வியாபாரம் செய்யும் ஒருவர் தந்த 50,000த்தில் இருந்தும் இப்போது கையில் 118,500 இருக்கிறது.

பணமாகத்தான் தர வேண்டும் என்று இல்லை. லண்டனிலும் சூரிச்சிலும் டொரோண்டோவிலும் இருக்கும் அண்ணாமாரே, அக்காமாரே, உங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில், கட்டிலுக்குக் கீழே, பழைய பெட்டி ஒன்றுக்குள் அசல் நின்டெண்டோ கசெட்டோ பிளேஸ்டேஷன் டிஸ்க்கோ கிடக்கும். உங்கள் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இனித் தொட மாட்டார்கள். 'டெக்கன் 3' என்ற பிளேஸ்டேஷன் சண்டை விளையாட்டு கிடைத்தால் இங்கே கொண்டாட்டம். பெட்டி உடைந்திருந்தாலும் டிஸ்க்கில் ஆழமான கீறல் இல்லாவிட்டால் சரி. லீவில் வரும்போது பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். ஊரில் இருப்பவர்கள் வேலை செய்யும் பழைய பெரிய குழாய் டிவி ஒன்று தந்தால் நல்லது. டிவி கேமில் வாத்துச் சுடும் விளையாட்டுக்கான துவக்கு இப்போதைய தட்டைத் திரைகளில் வேலை செய்யாது, குழாய் டிவியின் ஒளியைத்தான் அது பார்க்கும். பிள்ளைகளுக்கு அதையும் காட்ட ஆசை.

படிப்புக் கெடும் என்று பயப்படும் பெற்றோருக்கு: அறை சனி, ஞாயிறு பின்னேரம் மூன்று மணியில் இருந்து ஆறு மணிவரை மட்டும் திறக்கும். பாடசாலை விடுமுறையில் காலையிலும் திறக்கும். ஒரு சோடிக்கு அரை மணி. நேரம் முடிந்தால் நிற்கும் இடத்திலேயே சேமித்துவிட்டு, அடுத்த கிழமை அங்கிருந்தே தொடரலாம். எங்கள் காலத்தில் இந்த வசதி இல்லை. தனியாக வரும் பிள்ளையை, வரிசையில் நிற்கும் இன்னொரு பிள்ளையோடு சோடி சேர்ப்போம். குழுவில் இருந்து இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண், எப்போதும் அறையில் இருப்பார்கள். பிள்ளைகளிடம் ஒரு சதமும் வாங்க மாட்டோம்.

பணத்தை வாசிகசாலையில் பொருளாளரிடம் நேரில் கொடுத்துப் பற்றுச்சீட்டு பெற்றுக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் யாரிடமும், குழு உறுப்பினரிடம்கூட, கொடுக்க வேண்டாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் உள்ள சொந்தக்காரர் மூலம் சேர்ப்பிக்கலாம். வந்ததும் செலவானதும் ஒவ்வொரு மாதமும் அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும். வாங்கும் ஒவ்வொரு பொருளின் பில்லும் கோப்பில் இருக்கும், யாரும் கேட்டுப் பார்க்கலாம். மிச்சம் வந்தால் பிள்ளைகளுக்கான புத்தகம் வாங்குவோம்.

பெரிய தொகை தர முடியவில்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். ஒரு ரிமோட் 2,500 ரூபாய். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒன்று தந்தாலும் போதும். யாருடைய பெயரை எழுத வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். அந்த மஞ்சள் கசெட்டில் இருப்பதுபோல, பின்பக்கம் நீலப் பேனையால் எழுதி வைக்கிறோம்.

அன்புடன்,
வாசிகசாலைச் செயற்குழு
கல்லடி, மட்டக்களப்பு