வேலி முடிந்த பின்பே குளத்தில் தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளி, அரியமான், பிரப்பன்வலசைப் பக்கம் தென்னந்தோப்புகளுக்குள் எழும் புதிய வீடுகள் சிலவற்றில் நீச்சல் குளமும் இடம்பெறத் தொடங்கியிருக்கிறது. அது அவரவர் வசதி. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோருக்கு, 2024 ஜூலை முதல், சுயசான்றின் பேரில் இணையவழியில் உடனடி அனுமதி கிடைக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், வரைபடத்தில் காட்டாமல் பின்னர் கொல்லையில் தோண்டப்படும் குளத்தை யார் வந்து பார்ப்பது?

எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள குளம் 48,000 லிட்டர் கொள்ளும். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டக் கணக்கின்படி, ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு அது ஏறக்குறைய ஆறு மாதத் தண்ணீர். கரையோர மணலில் உவர்நீரின் மேல் மெல்லியதாக நிற்கும் நன்னீரை மோட்டார் வைத்து இறைத்து இதை நிரப்பினால், பக்கத்து வீட்டுக் கிணறும் உப்பாகிவிடக்கூடும். ஆகவே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் விண்ணப்பத்திலேயே கேட்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஊற்று மேலேறி நிற்கும்போது குளத்தை முழுவதும் வடித்தால், அடியிலிருந்து தள்ளும் நீர் காங்கிரீட் தொட்டியையே தூக்கிவிடக்கூடும் என்பதால், பொறியாளரின் கணக்கும் அவசியம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது வேலி. நான்கடிக்குக் குறையாத உயரம், நான்கு அங்குலத்துக்கு மேற்படாத கம்பி இடைவெளி, தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு, குழந்தையின் கைக்கு எட்டாத தாழ்ப்பாள் ஆகியவை பல நாடுகளில் வழக்கமாகிவிட்டன. பிரான்சில் வீட்டுக் குளங்களுக்குப் பாதுகாப்பு ஏற்பாட்டைக் கட்டாயமாக்கிய சட்டம் 2003-லேயே வந்தது. மூன்று பக்கம் வேலி போட்டு, நான்காவது பக்கத்துக்கு வீட்டுச் சுவரே போதும் என்று விட்டுவிடுவதை ஏற்கக் கூடாது. சமையலறைக் கதவைத் திறந்தால் நேரே தண்ணீரில்தான் கால் வைக்க வேண்டியிருக்கும். கடலோரப் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியும் என்று சமாதானம் சொல்பவர்கள், கோடை விடுமுறைக்கு வெளியூரிலிருந்து வரும் மூன்று வயதுப் பேரக்குழந்தையை மறந்துவிடுகிறார்கள். மோட்டாருக்கும் நீரடி விளக்குக்கும் மின்கசிவு துண்டிப்பான் பொருத்துவதும் இதோடு சேர்ந்ததே.

குளத்தை வரைபடத்தில் தனியாகக் காட்டச் செய்வதும், வேலியையும் மின் இணைப்பையும் நேரில் ஆய்வு செய்த பின்பே தண்ணீர் நிரப்ப அனுமதிப்பதும் ஊராட்சிகளின் நடைமுறையாக வேண்டும். கடல் ஏறிவரும் எல்லையான உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் அமையும் குளமென்றால், கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளையும் அப்போதே சரிபார்த்துவிடலாம். மாவட்ட நிர்வாகம் இதற்கான சுற்றறிக்கையை வரும் மழைக்காலத்துக்கு முன் வெளியிடுமாறு தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
உச்சிப்புளி.