விண்வெளிப் பதக்கக் கண்காட்சி: பெற்றோர் கவனத்திற்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 23 தேசிய விண்வெளி தினத்தை முன்னிட்டு, விண்வெளிச் சேவைக்காக அரசுகள் வழங்கிய பதக்கங்களைப் பற்றி எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் கண்காட்சி வைக்கிறார்கள். மாதிரியும் விளக்க அட்டையும் வீட்டில் தயாராக வேண்டியவை. அதனால்தான் இந்தக் கடிதம்.

கொடுத்தது யார், எந்த ஆண்டு, எந்த வேலைக்காக என்ற மூன்றும் அட்டையில் இருக்க வேண்டும். பிள்ளைகள் வழக்கமாக விடுவது மூன்றாவதைத்தான். "சிறந்த சேவைக்காக" என்று மட்டும் எழுதி வந்தால் அட்டையைத் திருப்பி அனுப்புவோம்.

ராகேஷ் சர்மாவைப் பலர் எடுத்திருக்கிறார்கள். 1984 ஏப்ரல் 3 அன்று சோவியத் ஒன்றியத்தின் சோயுஸ் டி-11 கலத்தில் விண்வெளிக்குச் சென்றவர். அவருக்கும், அவருடன் பறந்த சோவியத் வீரர்கள் மலிஷேவ், ஸ்ட்ரெகலோவ் இருவருக்கும் அமைதிக்கால வீரத்துக்கான உயரிய விருதான அசோக சக்ராவை இந்தியா வழங்கியது. அந்தப் பெயர்களும் வரட்டும். சர்மா பெற்ற 'சோவியத் ஒன்றிய வீரர்' பட்டத்துடன் தங்க நட்சத்திரமும் லெனின் ஆணையும் சேர்ந்தே வரும். அவற்றைத் தனித்தனி விருதுகளாக எண்ணினால் கணக்கு தப்பும்.

கல்பனா சாவ்லாவுக்கு, அவர் மறைந்த பிறகு, 2004இல் அமெரிக்கா வழங்கியது காங்கிரஸின் (அந்நாட்டு நாடாளுமன்றத்தின்) விண்வெளி கௌரவப் பதக்கம். அந்நாட்டு ராணுவத்தின் கௌரவப் பதக்கம் வேறு. இணையத்தில் தேடினால் தமிழக அரசின் 'கல்பனா சாவ்லா விருது'ம் வரும்; அது துணிவுக்காகப் பெண்களுக்கு அவர் பெயரால் தரப்படுவது, அவர் பெற்றதல்ல.

அப்துல் கலாம் பத்ம பூஷண் (1981), பத்ம விபூஷண் (1990), பாரத ரத்னா (1997) மூன்றும் பெற்றவர். விருதைப் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ பட்டம் போலச் சேர்க்கக் கூடாது என்பது அரசின் விதி. எனவே தலைப்பில் பெயர் மட்டும் இருக்கட்டும். அரசு ஊழியர்கள் பொதுவாகப் பத்ம விருதுக்குத் தகுதியற்றவர்கள். மருத்துவர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் விலக்கு உண்டு. இஸ்ரோவில் பணியில் இருக்கும்போதே ஒருவர் எப்படிப் பெறுகிறார் என்று கேட்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள். மத்திய அரசின் அறிவியல் விருதான ராஷ்ட்ரிய விஞ்ஞான் புரஸ்கார், 2024ஆம் ஆண்டு சந்திரயான்-3க்காக அதன் குழு முழுவதற்கும் வழங்கப்பட்டது. ஒருவர் படத்தை மட்டும் ஒட்ட வேண்டாம்.

இனி மாதிரி. அசோக சக்ரா பதக்கத்தின் விட்டம் சுமார் 3.5 செ.மீ., ரிப்பனின் அகலம் 3.2 செ.மீ. தூரத்திலிருந்து தெரிய இரண்டையும் இரட்டிப்பாக்குங்கள்: 7, 6.4. வட்டத்தை மட்டும் பெரிதாக்கினால் ரிப்பன் நாடா போல மெலிந்து தொங்கும். பச்சை ரிப்பனின் நடுவே ஆரஞ்சுக் கோடு ஒன்று ஓடும். பெயிண்டில் வரைந்தால் துணியில் பரவிவிடும், மெல்லிய ஆரஞ்சு நாடாவை ஒட்டுவதே சரி.

பதக்கத்தின் நடுவே உள்ள அசோகச் சக்கரத்தில் 24 ஆரங்கள் (ஆரக்கால்கள்). வட்டக் காகிதத்தைப் பாதி பாதியாகவே மடித்துக்கொண்டு போனால் 16, அடுத்து 32 வரும்; 24 வரவே வராது. முதலில் பாதி, அந்த அரைவட்டத்தை மூன்று சமபங்கு, பிறகு இருமுறை பாதி. விரித்தால் 15 பாகைக்கு ஒரு கோடு. மூன்றாக மடிப்பதில் பிசகினால் எல்லா ஆரமும் சாயும் என்பதால் அந்த இடத்தில் மட்டும் பாகைமானியை வைத்து 60 பாகை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தெர்மோகோலில் வெட்டினால் ஓரம் உதிரும், 2 மி.மீ. அட்டை போதும். தங்க நிறத் தாளை ஒட்டிய பிறகு ஆரங்களை வரைந்தால் பேனா மை வழுக்கும், முன்பே வரைந்து வெட்டி ஒட்டட்டும்.

விளக்க அட்டையின் பின்புறம் பிள்ளையின் பெயர், வகுப்பு, பிரிவு எழுதி, ஆகஸ்ட் 20க்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்பவும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்