இரவில் மரத்துப்போகும் கைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திருப்பூரில் பின்னலாடை நிறுவனமொன்றின் கட்டிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் மனைவி வேறொரு நிறுவனத்தில் 11 ஆண்டுகள் பிசிறு வெட்டும் வேலையில் இருந்தார். அவருக்கு வந்த கைநோயைப் பற்றியும், அது நோய் என்பதை உணராமலே நாங்கள் 2 ஆண்டுகளை வீணாக்கியதைப் பற்றியும், இதே வேலையில் இருக்கும் ஏராளமான பெண்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

பிசிறு வெட்டுவதை எளிய வேலை என்றே பலரும் எண்ணுகிறார்கள். தைத்து வந்த பனியனின் தோள், கை, கழுத்து, அடிமடிப்பு என ஒவ்வொரு தையல் முனையிலும் தொங்கும் நூலை, உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய டிரிம்மரால் வெட்ட வேண்டும். விரல்கள் அழுத்தினால் அது மூடும், விட்டால் விரியும். ஒரு துணிக்குப் பத்து அழுத்தம் என்று வைத்தாலும், நாளுக்கு 500 துணி பார்ப்பவர் 5,000 முறை அழுத்துகிறார். ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாட்களில் இந்தக் கணக்கு இன்னும் ஏறும். அவ்வளவு நேரமும் மணிக்கட்டு வளைந்தபடியே இருக்கும்.

முதலில் அவருக்கு இரவில்தான் கை மரத்தது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து கையை உதறிக்கொண்டிருப்பார். சற்று நேரத்தில் உணர்வு திரும்பும். சத்துக் குறைவு என்றார்கள், கழுத்து எலும்புத் தேய்மானம் என்றார்கள். தைலம் தேய்த்தோம், மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்கி வயிற்றைக் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம். வலது கை ஓய்ந்ததும் டிரிம்மரை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். ஆறே மாதத்தில் அந்தக் கையும் மரக்கத் தொடங்கியது. 300 ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலிய மருத்துவர் ரமாசினி, எழுதி எழுதி வலது கை செயலிழந்து இடது கையால் எழுதப் பழகிக்கொண்ட ஒருவரையும், பின்னர் அதே நோய் அவருடைய இடது கையையும் பற்றியதையும் பதிவு செய்திருக்கிறார் என்று பிற்பாடு படித்தபோது எனக்குத் தாங்கவில்லை.

கடைசியில் நாங்கள் பார்த்த எலும்பு மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "சுண்டுவிரலும் மரக்கிறதா?" என்பதுதான். மரப்பதில்லை. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவ்வளவுதான் மரக்கும். மணிக்கட்டின் உட்புறத்தில் எலும்புகளுக்கும் ஒரு தடித்த தசைநாருக்கும் இடையே குறுகிய பாதை ஒன்று உண்டென்றும், விரல்களை மடக்கும் ஒன்பது நாண்களும் மீடியன் நரம்பும் அதன் வழியாகவே செல்கின்றன என்றும், ஓயாத வேலையால் அங்கே இடம் நெருக்கமாகும்போது நரம்பு நசுங்குகிறது என்றும் அவர் விளக்கினார். சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு வேறு வழியில் செல்வதால் அது தப்பிவிடுகிறது. இரண்டு புறங்கைகளையும் ஒட்டி, மணிக்கட்டுகளை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொன்னார். அரை நிமிடத்துக்குள் விரல்கள் மரத்துவிட்டன. நரம்புக் கடத்தல் சோதனை அதை உறுதிசெய்தது. இதற்குக் கார்பல் டனல் பாதிப்பு என்று பெயர். சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, கர்ப்பம் ஆகியவற்றாலும் இது வரலாம் என்பதால் ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள்.

தொடக்கத்திலேயே வந்திருந்தால், இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டையைச் சில வாரங்கள் அணிவதும், தேவைப்பட்டால் ஓர் ஊசியும் போதுமாக இருந்திருக்கக்கூடும். இடது கை அப்படித்தான் தேறியது. வலது கைக்கு, அந்தத் தசைநாரை வெட்டி நரம்புக்கு இடம் கொடுக்கும் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. கையை மட்டும் மரக்கச் செய்து செய்யும் சிறிய சிகிச்சைதான்; இரவு மரப்பு நின்றுவிட்டது. ஆனால் அதற்குள் கட்டைவிரலின் அடியில் இருக்கும் சதை வற்றிவிட்டிருந்தது. இன்றும் மல்லிகைப் பூத் தொடுக்கும்போது விரலில் நூல் இருப்பது தனக்குத் தெரியவில்லை என்கிறார்.

என் ஆதங்கம் சிகிச்சையைப் பற்றியதன்று. பட்டை கட்டிய கையோடு அவர் திரும்பிப் போனது அதே மேசைக்கு, அதே டிரிம்மருக்கு. வேலையை மாற்றித் தரும்படி கேட்டதற்கு, முடியாவிட்டால் நின்றுகொள்ளலாம் என்று பதில் வந்தது. கையைக் குணப்படுத்திவிட்டு வேலையை அப்படியே விட்டால் நோய் திரும்பாமல் என்ன செய்யும்? பிசிறு வெட்டுபவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மடிப்புக்கோ பேக்கிங்குக்கோ மாற்றிவிடுவதற்கும், மணிக்கு ஐந்து நிமிடம் கையை ஓய விடுவதற்கும் பெரிய செலவு ஆகாது. நூலைத் தானே வெட்டிவிடும் தையல் இயந்திரங்கள் உள்ள இடங்களில் மிஞ்சும் பிசிறே குறைவு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி நேர இடைவேளையைக் கட்டாயமாக்கியது. அது சாப்பாட்டுக்குச் சரி, விரல் நாண்களுக்குப் போதாது.

அதே சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, மருத்துவரும் நிர்வாகமும் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய 29 நோய்களை அடுக்கியது. ஈய நஞ்சு, கல்தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸ், இரைச்சலால் வரும் காதுகேளாமை எல்லாம் அதில் இருந்தன. திரும்பத் திரும்பச் செய்யும் வேலையால் வரும் இந்தக் கைநோய் இருக்கவில்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்தி வெளியிட்ட தொழில்சார் நோய்ப் பட்டியலிலோ இது பெயரோடு இருக்கிறது. பட்டியலில் இல்லாத நோயை யாரும் எண்ணுவதில்லை, எண்ணாத நோய்க்கு யாரும் பொறுப்பேற்பதுமில்லை. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்த தமிழ்நாடு, பின்னலாடைத் தொழிலாளர்களின் கைகளுக்காகவும் முன்கை எடுக்க முடியும் என்று நம்புகிறேன்.

அதுவரை காத்திராமல், நிறுவனங்களில் நடக்கும் மருத்துவ முகாம்களில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும்போதே, இரவில் கை மரத்து விழிப்பு வருகிறதா என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கும்படி மருத்துவர்களையும், அதற்கு ஏற்பாடு செய்யும்படி தொழிலாளர் நலத் துறையையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருப்பூர்.