பாய்மரச் சின்னத்துக்கு விழுந்த ஓட்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பல இனத்தவர் வாழும் நாடுகளில் மக்கள் மொழியையும் இனத்தையும் பார்த்துத்தான் ஓட்டுப் போடுவார்கள், அது ரத்தத்தில் ஊறியது என்று சென்ற இதழ்க் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியை (அப்பாவை)ப் பெற்றவர், மலாயாவில், இன்றைய மலேசியாவில், ஈப்போ நகரத்து வட்டிக்கடை ஒன்றில் மேலாளாக இருந்தார். தவணை முடிந்து ஊர் திரும்பி முகப்பில் சாய்ந்துகொண்டு 1955 தேர்தல் கதையைச் சலிக்காமல் சொல்வார். அவருக்கு அங்கே ஓட்டு கிடையாது. ஆனால் கொடுத்த கடனெல்லாம் அங்கே நிற்கும்போது, அடுத்து யார் வருவார் என்ற கவலை ஓட்டு உள்ளவர்களைவிட அவருக்குத்தான் அதிகம்.

அப்போது மலாயா வாக்காளர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் மலாய்க்காரர்கள். இருந்த 52 இடத்திலும் மலாய்க்காரரையே நிறுத்தியிருந்தாலும் தட்டிக்கேட்க ஆளில்லை. பின்னாளில் முதல் பிரதமரான துங்கு அப்துல் ரகுமானின் கூட்டணி 35 மலாய்க்காரர், 15 சீனர், 2 இந்தியர் என்று நிறுத்தியது. எல்லோருக்கும் ஒரே சின்னம், பாய்மரக் கப்பல். 51 இடம் கிடைத்தது. “கம்பத்து (கிராமத்து) மலாய்க்காரன் சீனனுக்குக் குத்தினானப்பா” என்று ஐயா கையைத் தட்டிச் சொல்வார். அந்தக் கூட்டணிக்குள் இருந்ததும் இனத்துக்கு ஒரு கட்சிதான். 1969 மே 13-ல் கோலாலம்பூரில் இனக்கலவரம் வெடித்ததும் தெரியும். ஆனால் 1955-ல் அந்த வாக்காளரிடம் அப்படிக் கேட்டார்கள், அவரும் அப்படிப் போட்டார்.

மறுவருஷமே இலங்கையில் வேறு கேள்வி. 1954-ல் யாழ்ப்பாணத்தில் இரண்டு மொழிக்கும் சம இடம் என்று வாக்குக் கொடுத்த பிரதமர் கொத்தலாவலையின் கட்சி, 1956 தேர்தல் நெருங்கியதும் ‘சிங்களம் மட்டும்’ என்று திரும்பியது. எதிரணியின் பண்டாரநாயக்கா அந்தக் கடையை முன்பே திறந்திருந்தார், அதுவும் 24 மணி நேரத்தில் டெலிவரி என்று. எதிரே அதே சரக்கைப் பரப்பிய கொத்தலாவலை கட்சிக்கு மிஞ்சியது 8 இடம். அதற்கு முன்பே, நம் ராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமையிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் குடியுரிமையை 1948 சட்டம் பறித்துவிட்டது. 1947-ல் நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்பியவர்களால் 1952-ல் ஒருவரைக்கூட அனுப்ப முடியவில்லை. இதில் ரத்தம் எங்கே வந்தது? சட்டம்தானே!

2024 நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 இடங்களில் 3, சிங்களர் பெரும்பான்மையாக வாழும் தெற்கிலிருந்து வந்த தேசிய மக்கள் சக்தி என்ற கட்சிக்குப் போனது. தமிழ்க் கட்சிகள் துண்டு துண்டாகச் சிதறியது ஒரு காரணம். ஜெயித்தவர்கள் வாங்கியது நாலில் ஒரு பங்கு ஓட்டுதான். இருந்தாலும் உங்கள் கட்டுரைக்கணக்கில் இதை எந்தப் பற்றில் எழுதுவீர்கள்?

சிங்கப்பூர் 1988-ல், பலர் ஒரே அணியாக நின்று ஜெயிக்கும் குழுத் தொகுதி கொண்டுவந்து, அணியில் சிறுபான்மையினர் ஒருவராவது இருக்கவேண்டும் என்று விதி வைத்தது. ஆளுங்கட்சிக்கு அதில் ஆதாயம் உண்டு என்ற குறை இன்றும் இருக்கிறது. அது தனிக்கதை.

அப்புறம் நம்மூர். காரைக்குடியில் கிட்டத்தட்ட எல்லோரும் பேசுவது தமிழ்தான். வேட்பாளர் பட்டியல் வந்த மறுநாள் காலை செக்காலை ரோட்டு டீக்கடையில் பெஞ்சு மேல் பேப்பர் விரிந்து கிடக்கும். முதல் கேள்வி, “யாரு வீட்டு ஆளு?” பேரைப் பார்த்து, ஊரைப் பார்த்து, தாய்மாமன் யார் என்று விசாரித்து, டீ ஆறுவதற்குள் சாதி தெரிந்துவிடும். என்ன படித்தார், இதுவரை என்ன செய்தார் என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை. நானும் கேட்டதில்லை. டீக்கடைக்காரர்களுக்கு முன்பே அந்தக் கணக்கைக் கட்சி அலுவலகத்தில் போட்டுத்தானே ஆளை நிறுத்துகிறார்கள்?

மலேசியா, இலங்கைக்காரர்களைப் பற்றி நாலு பக்கம் போட்டீர்கள். எந்தத் தொகுதிக்கு எந்தச் சாதி என்று பெரிய கட்சிகள் ஆள் பொறுக்கும் விதத்தைப் பற்றியும் ஒரு கட்டுரை போடுங்கள். பட்டியல் வருவதற்கு முன்பே போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
காரைக்குடி.