விலைக்கு வாங்க முடியாத ஒரு இறுதியாண்டு புராஜெக்ட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் மாணவர்கள் இறுதியாண்டு புராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்குவதைக் கண்டித்துத் தங்கள் நாளிதழில் வாசகர் கடிதங்கள் வந்தன. கண்டித்தவர்கள் யாரும் மாற்று வழி சொல்லவில்லை. குமரி மாவட்டக் கல்லூரி ஆய்வகங்களில் இருக்கும் சாதாரண ஐ3 கணினியிலேயே செய்யக்கூடிய ஒரு வேலையை, அதாவது ‘பெர்ஃப்’ என்ற லினக்ஸ் கருவியின் தேடல் பகுதியைச் சீரமைப்பதை, இங்கே சொல்கிறோம்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலோடு 2009 முதல் வருகிறது இந்த ‘பெர்ஃப்’. ப்ராசசருக்குள் இருக்கும் கவுன்டர்களைப் படித்து, ஒரு நிரல் எங்கே நேரத்தை விழுங்குகிறது என்று காட்டும். கவுன்டர் தருவது வெறும் எண்ணிக்கைதான்: இத்தனை சைக்கிள் (ப்ராசசரின் கடிகாரத் துடிப்பு), இத்தனை கட்டளை, கேஷ் என்ற வேக நினைவகத்தில் இத்தனை முறை தரவு கிடைக்கவில்லை. இப்படி எண்ணப்படும் ஒவ்வொன்றும் ஒரு ஈவென்ட். அந்த எண்ணிக்கைகளை வைத்துப் போடும் கணக்குதான் மெட்ரிக். கட்டளைகளின் எண்ணிக்கையைச் சைக்கிளால் வகுத்தால் ஐபிசி, அதாவது ஒரு சைக்கிளுக்கு எத்தனை கட்டளை என்பது. இன்டெல் ப்ராசசர்களில் தாமதம் எங்கே என்று மேலிருந்து கீழாகப் பிரித்துப் பார்க்கும் டாப்-டவுன் முறையில் இப்படி நூற்றுக்கணக்கான சூத்திரங்கள் உண்டு.

சூத்திரங்கள் ஜேசன் என்ற வடிவத்தில் எழுதிய உரைக் கோப்புகளில் இருக்கின்றன. பெர்ஃப்பை மூல நிரலிலிருந்து பில்ட் செய்யும்போது ‘ஜெவென்ட்ஸ்’ என்ற பைத்தான் நிரல் அவற்றை சி மொழி அட்டவணையாக மாற்றும். எந்த ப்ராசசருக்கு எந்த அட்டவணை என்பதை ‘மேப்ஃபைல்’ என்ற சிஎஸ்வி கோப்பு சொல்லும். அதில் ப்ராசசரின் நிறுவனம், ஃபேமிலி, மாடல் மூன்றும் ரெகுலர் எக்ஸ்பிரஷனாக (பல பெயர்களுக்குப் பொருந்தும் வார்ப்பாக) எழுதப்பட்டிருக்கும். 2023 வரை ஈவென்ட்டும் மெட்ரிக்கும் ஒரே ஸ்ட்ரக்சரில் கிடந்தன. அதன் பிறகே பிரிக்கப்பட்டன.

மாணவர்களுக்கான வேலை, பெயரைக் கொடுத்து மெட்ரிக்கைத் தேடி எடுக்கும் பகுதியை ரீஃபாக்டர் செய்வது, அதாவது நடத்தையை மாற்றாமல் உள்ளமைப்பைச் சீராக்குவது. தேடல் ஒரே இடத்தில் நடப்பதில்லை. பயனர் கேட்ட மெட்ரிக்கைச் சேர்க்க, அப்படியொரு மெட்ரிக் உண்டா என்று பார்க்க, பட்டியலை அச்சிட என்று தனித்தனியாக அட்டவணையைத் தலையிலிருந்து கால்வரை சுற்றும் வழக்கம் இருந்தது. இதைவிடக் கனமான இடம் ஒன்று உண்டு. ஒரு சூத்திரத்துக்குள் வரும் பெயர் ஈவென்ட்டாகவும் இருக்கலாம், இன்னொரு மெட்ரிக்காகவும் இருக்கலாம். அதனால் சூத்திரத்திலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தேடல் நடக்கும். கிடைத்தது மெட்ரிக் என்றால், அதன் சூத்திரத்திலுள்ள பெயர்களுக்கும் அதே தேடல். டாப்-டவுனின் அடிமட்ட மெட்ரிக் ஒன்றைக் கேட்டாலே இது எத்தனை அடுக்கு போகும் என்பதை மாணவர்களே அச்சிட்டுப் பார்க்கட்டும். பெர்ஃப்பின் நிரல் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால், கையிலிருக்கும் பதிப்பில் எந்தெந்தத் தேடல் இன்னும் மிச்சம் என்று பட்டியல் போடுவதே முதல் வாரத்து வேலை.

அட்டவணை வரிசையில் இருந்தால், பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் பைனரி சர்ச் போட்டுவிடலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். வழுக்கும் இடமும் அதுதான். ஜெவென்ட்ஸ் எதை வைத்து வரிசைப்படுத்துகிறது என்று பார்க்காமல் போட்டால், இருக்கும் மெட்ரிக்கையே இல்லை என்று சொல்லும். சொல்வதும் சில பெயர்களுக்கு மட்டும்தான். அதனால் சோதனையில் தப்பிவிடும். இன்னொன்று, பெயர் ஒப்பீடு பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை. எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி வரிசையில் அடிக்கோட்டின் (_) எண் 95. பெரிய எழுத்துகள் 65 முதல் 90 வரை, சிறியவை 97 முதல் 122 வரை. சிறிய எழுத்தாக்கி ஒப்பிட்டால் அடிக்கோடு எழுத்துகளுக்கு முன்னால் நிற்கும், பெரிய எழுத்தாக்கினால் பின்னால் போய்விடும். டாப்-டவுன் பெயர்களில் அடிக்கோடு இல்லாத பெயர் அபூர்வம். எனவே வரிசைப்படுத்தும் பைத்தானும் தேடும் சி-யும் ஒரே விதியைப் பின்பற்ற வேண்டும்.

குழுப் பெயருக்கு பைனரி சர்ச் உதவாது. ஒரு மெட்ரிக் பல குழுக்களில் இருக்கலாம். குழுப் பெயர்கள் அரைப்புள்ளியால் பிரித்து ஒரே சரமாக எழுதப்பட்டிருக்கும். பயனர் தரும் சொல் மெட்ரிக் பெயரா, குழுப் பெயரா என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே சூத்திரத்துக்குள் நடக்கும் துல்லியமான பெயர்த் தேடலையும், பயனர் சொல்லுக்கான பரந்த தேடலையும் இரண்டு ஃபங்ஷன்களாகப் பிரிப்பதே நல்லது. இரண்டையும் ஒன்றில் திணித்து, ஃபிளாக் போட்டு ஓட்டுவது ரீஃபாக்டரிங் ஆகாது.

ப்ராசசருக்கான அட்டவணையை ஒருமுறை கண்டுபிடித்து, மறுபடி தேடாமலிருக்கச் சேமித்து வைக்கும்போதும் கவனம் தேவை. ஒரே ப்ராசசருக்குள் இருவகைக் கோர்கள் (கட்டளைகளை ஓட்டும் அலகுகள்) இருக்கலாம். ஆர்ம் வகை சிப்களில் பெரிய கோருக்கும் சிறிய கோருக்கும் அடையாள எண் வேறு. இன்டெல்லின் ஆல்டர் லேக் ப்ராசசரில் இருவகைக் கோர்களுக்கும் தனித்தனி பிஎம்யு (கவுன்டர்கள் இருக்கும் பகுதி). முதலில் கிடைத்ததையே எல்லாவற்றுக்கும் கொடுத்தால், பிழைச் செய்தி எதுவும் வராது. எண் மட்டும் தவறாக வரும்.

ரீஃபாக்டரிங் என்றால் வெளியே தெரியும் நடத்தை மாறக்கூடாது. நிரலில் கை வைக்குமுன் மெட்ரிக் பட்டியல் முழுவதையும் ஒரு கோப்பில் சேமிக்க வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் புதிய பட்டியலை அதோடு ஒப்பிட்டு ‘டிஃப்’ போட்டால் ஒரு வரிகூட வேறுபடக் கூடாது. திருத்தங்களைக் கெர்னல் குழுவுக்குப் பேட்ச்களாக, அதாவது சிறு திருத்தத் தொகுப்புகளாக, அனுப்ப வேண்டும்: பெயர் மாற்றம் ஒரு பேட்ச், ஃபங்ஷனை இடம் மாற்றுவது இன்னொரு பேட்ச், தேடும் முறையை மாற்றுவது மூன்றாவது. எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்பினால் பார்ப்பவர் திருப்பி அனுப்பிவிடுவார். அனுப்புமுன், எழுத்து நடைப் பிழைகளைப் பிடிக்கக் கெர்னலோடு வரும் ‘செக்பேட்ச்’ நிரலை ஓட்டிவிடுவது மரியாதை.

வேறு ப்ராசசர் கையில் இல்லையே என்ற கவலை வேண்டாம். ‘பெர்ஃப் சிபியுஐடி’ (PERF_CPUID) என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் (நிரலுக்கு வெளியிலிருந்து தரும் அமைப்பு மதிப்பில்) வேறொரு ப்ராசசரின் அடையாளத்தைக் கொடுத்தால், அந்த அட்டவணையில் தேடலைச் சோதிக்கலாம். தேடல் முழுக்க மென்பொருள் வேலை என்பதால் இது நடக்கிறது. பில்ட் செய்ய ஃப்ளெக்ஸ், பைசன், பைத்தான், லிப்எல்ஃப் ஆகிய மென்பொருள்கள் வேண்டும். பைத்தான் இல்லாமல் ஜெவென்ட்ஸை முடக்கி பில்ட் செய்தால், கருவி ஓடும், அட்டவணை மட்டும் காலியாக இருக்கும். தேடல் பழுதென்று நினைத்து நாள்கணக்கில் அலைய நேரும்.

உண்மையில் அளக்க வேண்டுமென்றால்தான் வன்பொருள் வேண்டும். பல இன்டெல் ப்ராசசர்களில், ஒரு கோர் இரண்டு த்ரெடுகளை (கட்டளை ஓட்டங்களை) ஒரே நேரத்தில் ஓட்டும் ஹைப்பர்த்ரெடிங் இருக்கும்போது ஒரு த்ரெடுக்குப் பொதுக் கவுன்டர்கள் நான்குதான். போதாததற்கு, கணினி உறைந்துவிட்டதா என்று கண்காணிக்கும் என்எம்ஐ வாட்ச்டாக் ஒரு கவுன்டரைப் பிடித்துக்கொள்ளும். ஈவென்ட்கள் அதிகமானால், தோவாளை பூச்சந்தையில் ஒரே தராசை நாலு வியாபாரிகள் மாற்றி மாற்றிப் பிடிப்பதுபோல் கவுன்டர்கள் முறை வைத்து ஓடும், கிடைப்பது மதிப்பீடுதான். பெர்ஃப் காட்டும் முடிவுகளில் வரிமுடிவில் சதவீதம் நூறுக்குக் குறைவாகத் தெரிந்தால் அதுதான் காரணம். வாட்ச்டாக் அமைப்பை 0 ஆக்கி நிறுத்திவிட்டு, ஒரே அளவீட்டை இருபது முறை ஓட்டிச் சராசரியும் விலகலும் சேர்த்து அறிக்கையில் எழுத வேண்டும்.

இதெல்லாம் ‘செயற்கை நுண்ணறிவு’ என்ற தலைப்பில் வராதே என்று வழிகாட்டும் பேராசிரியர் சிலர் தயங்கலாம். விலைக்கு விற்பவரிடம் இது கிடைக்காது என்பதைக் கருதட்டும்.

கல்லூரித் துறைத் தலைவர்களிடம் நாங்கள் கேட்பது இரண்டு. விண்டோஸுக்குள் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர் கணினி மென்பொருளைப் போட்டு லினக்ஸ் ஓட்டினால் கவுன்டர்கள் தெரியாது. சைக்கிள் என்று கேட்டால்கூட ஆதரவு இல்லை என்றே பதில் வரும். ஆகவே ஆய்வகத்தில் இரண்டு கணினிகளிலாவது லினக்ஸை நேரடியாக நிறுவ அனுமதி தாருங்கள். அவற்றில், யார் எதை அளக்கலாம் என்று கட்டுப்படுத்தும் ‘பெர்ஃப் ஈவென்ட் பாரனாய்டு’ அமைப்பை 1 ஆகக் குறைத்து வையுங்கள். உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் அது கடுமையாக இருப்பதால் மாணவர்கள் தங்கள் சொந்த நிரலைக்கூட அளக்க முடிவதில்லை.

இப்படிக்கு,
மென்பொருள் துறையினர் சிலர்,
நாகர்கோவில்.