ஒன்பது மணி அலாரம்

செங்கோட்டை

அன்பு மகளுக்கு,

சாரல் நல்லாப் பிடிச்சிருக்கு. உனக்கு ஒரு கிட்னியைக் கொடுத்த அப்பாவுக்குப் போன வாரம் கிரியாட்டினின், அதான் கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்தக் கணக்கு, 1.2, பிரஷரும் சரி. நீ கவலைப்பட வேண்டாம்.

உன்னைப் பாலருவி ரயில்ல ஏத்திவிட்டு வந்து அலமாரியைத் துடைச்சேன். புதுசு வாங்கினதால பழைய மாத்திரை டப்பாவை விட்டுட்டுப் போயிருக்கே. புதுக் கிட்னியை உடம்பு தள்ளிடாம இருக்கப் போடுற டாக்ரோலிமஸ் 8 மிஞ்சியிருக்கணும், 23 இருக்கு. நர்ஸ் வேலை பார்த்த கை, எண்ணாம விடலை.

காலையில 9, ராத்திரி 9. ரத்தத்துல மருந்து அளவு இறங்கினா உடம்பு அந்தக் கிட்னியோட சண்டைக்குப் போயிடும். பெரும்பாலும் வலி இருக்காது, மூத்திரமும் குறையாது. கிரியாட்டினின் ஏறின பிறகுதான் தெரியும். விட்டுப்போச்சுன்னா அடுத்த வேளைக்கு ரெண்டாப் போடாதே, ஆஸ்பத்திரி டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டரைக் கேளு. மருந்து லெவல் பார்க்கிற அன்னைக்கு ரத்தம் கொடுத்த பிறகுதான் காலை மாத்திரை. எர்ணாகுளத்துல கம்பிளி நாரங்ஙன்னு விப்பாங்க, நம்ம பம்பளிமாஸ்தான். தொடாதே, அளவு ஏறிடும்.

இங்க இருந்த நாலு நாளும் நீ தூங்கலை. பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டு மாத்திரை அப்படித்தான், தூக்கத்தையும் மனசையும் கலைக்கும். காலையில சாப்பிட்டதும் போடு, நீயா நிறுத்திடாதே. டாக்ரோலிமஸ் கூடினா கை நடுங்கும், டாக்டர்கிட்ட சொல்லு. ஆனா எதுலயும் பிடிப்பில்லாம, எழுந்திரிக்கவே மனசில்லாம ரெண்டு வாரம் போச்சுன்னா மருந்து மேல பழியைப் போடாதே. மனநல டாக்டரைப் பாரு. மாத்திரைப் பட்டியலைக் கையோட கொண்டுபோ. அவங்க எழுதுற சில மருந்து டாக்ரோலிமஸை ஏத்தும், சிலது இறக்கும். நடுராத்திரின்னா அரசாங்க மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, காசு கிடையாது, தமிழ்லயும் பேசலாம்.

எட்டு மாசமா ஆபீஸும் பார்த்து, தனியாச் சமைச்சும் சாப்பிடுறே. அதை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. போனை எடுத்தா "அப்பா கொடுத்ததைப் பத்திரமா வச்சிருக்கியா"ன்னுதான் கேட்டேன். கல்யாண வீட்டுல சித்தி முன்னாடியும் அதையே சொன்னேன். நீ பந்தியில பாதியில எழுந்தே. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துட்டேன். கொடுத்தவங்க பேரைச் சொல்லி நோயாளியை மிரட்டாதீங்கன்னு வார்டுல எத்தனை வீட்டுக்காரங்களைச் சத்தம் போட்டிருப்பேன்! மாத்திரையைப் பார்த்தாலே கடன் ஞாபகம் வந்தா யாருக்குப் போடத் தோணும்? தப்பு என் மேலதான்மா.

உங்கப்பா கிட்னியைப் பத்திக் கேட்டதே இல்லை. "வண்டி ஓட்ட ஆரம்பிச்சாளா"ன்னுதான் கேக்காங்க. ஞாயித்துக்கிழமை அவங்களுக்கே போன் போடு, நான் பக்கத்துல இருக்க மாட்டேன்.

ஏழு நாள் மாத்திரைப் பெட்டி கொரியர்ல வருது. டாக்ரோலிமஸைப் பிரிச்சுப் போடாதே, ஈரக்காத்துக்கு ஆகாது. அட்டையை வெட்டி அட்டையோடவே வை. இனி எண்ண மாட்டேன். ஒன்பது மணி அலாரத்தை மட்டும் அணைச்சிடாதே.

அம்மா