அரிசி உணவு என்று நம்பி உண்ண முடிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழின் மருத்துவப் பக்கத்தில் சீலியாக் நோய் பற்றி வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். தமிழில் இந்நோயைப் பற்றி எழுதுவோர் குறைவு என்பதால் முதலில் என் நன்றி. ஆயினும், சோறு உண்ணும் எங்களுக்குக் கோதுமையை விலக்குவது அவ்வளவு கடினமல்ல என்ற பொருள்பட அதில் இருந்த கருத்தை, இந்நோயுடைய மகளுக்குக் கொழும்பில் நாள்தோறும் சமைத்துக் கொடுக்கும் தாயாகிய என்னால் ஏற்க முடியவில்லை.

கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தை உண்ணும்போது நோயை எதிர்க்க வேண்டிய உடலின் நிர்ப்பீடனத் தொகுதியே கிளர்ந்தெழுந்து, உணவுச் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற சிறுகுடலின் சடைமுளைகளைச் சிதைப்பதுதான் இந்நோய். சடைமுளைகள் தட்டையாகிவிட்டால் உண்பது உடலிற் சேராது. வயிற்றோட்டமோ வயிற்றுப் பொருமலோ இல்லாமல், இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தும் மாறாத குருதிச்சோகையாகவோ, பிள்ளையின் வளர்ச்சி குன்றலாகவோ மட்டும் அது வெளிப்படுவதும் உண்டு. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் பாண் கிடைக்காதபோது தேறிய பிள்ளைகள், பாண் மீண்டும் வந்ததும் நோயுற்றதைக் கவனித்தவர் நெதர்லாந்தின் குழந்தை வைத்தியர் வில்லம் டிக்கே. கோதுமையே காரணம் என்பதை அவர் 1950 இல் தமது ஆய்வேட்டில் எடுத்துக்காட்டினார். அன்று தொட்டு இன்றுவரை குளூட்டனை வாழ்நாள் முழுவதும் விலக்குவதே இதற்குரிய சிகிச்சை.

பாணையும் பணிஸையும் கொத்து ரொட்டியையும் விலக்குவது எளிது. அவை கோதுமை மாவிற் செய்தவை என்பது எல்லோருக்கும் தெரியும். சிக்கல் இருப்பது அரிசி உணவு, உளுந்து உணவு என்று நாங்கள் நம்புகின்றவற்றில்தான். கடைகளில் விற்கும் வெள்ளை இடியப்பம் பெரும்பாலும் கோதுமை மாவிற் பிழிந்தது. பிட்டுக்கு அரிசி மாவுடன் அவித்த கோதுமை மாவைக் கலப்பதும், யாழ்ப்பாணத்துத் தோசைக்கு உளுந்துடன் கோதுமை மாவைச் சேர்ப்பதும் எங்கள் வீடுகளிலேயே காலங்காலமாக இருந்து வரும் வழக்கம். அப்ப மாவில் ஒரு கை, உளுந்து வடையில் ஒரு கை என்று சேர்ப்போரும் உண்டு. மாவை அவித்து அரித்துவிட்டால் தீங்கு போய்விடும் என்று முதியவர்கள் சொல்வார்கள். குளூட்டன் அவித்தாலும் வறுத்தாலும் அழிவதில்லை. இலங்கையில் விளையாத, கப்பலில் வந்து இறங்கும் ஒரு தானியம் எங்கள் அடுப்படிக்குள் இவ்வளவு ஆழமாக இறங்கியிருப்பதை மகளுக்கு நோய் கண்ட பின்னரே நான் எண்ணிப் பார்த்தேன்.

இவற்றை விடவும் கண்ணுக்குத் தெரியாதவை உள்ளன. கூட்டுப் பெருங்காயத்திற் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருப்பதால் சாம்பாரும் ரசமும் ஐயத்துக்குரியவை. சோயா சோஸ் வழக்கமாகக் கோதுமை சேர்த்தே தயாரிக்கப்படுவதால், கடையில் வாங்கும் முட்டைச் சோற்றையும் நம்ப முடியாது. நோயாளிப் பிள்ளைக்குத் தெம்பு தரும் என்று கொடுக்கும் மோல்ற் பானங்கள் பார்லியிலிருந்து வருபவை. ரோல்ஸ் பொரித்த எண்ணெயிற் பொரித்த கிழங்கும், ரொட்டி கொத்திய தகட்டிற் சூடாக்கிய சோறும், தாம் கோதுமை இல்லாதவையாயினும், மகளுக்கு ஆகா. சர்வதேச உணவு நியமத்தின்படி, குளூட்டன் அற்றது என்று குறிக்கப்படும் ஒரு கிலோ உணவில் அது 20 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது. ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்பது கண்ணால் பார்த்து அறியக்கூடிய அளவன்று. "ஒரு வாய்தானே பிள்ளை, ஒன்றும் செய்யாது" என்று கலியாண வீட்டில் அன்போடு ஊட்ட வரும் உறவினரிடம் இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குரக்கன், சாமை, ஒடியல் மா, பயறு, உளுந்து, மரவள்ளி, பலாக்காய் என்று எங்களுக்கு வேண்டியவை எங்கள் மண்ணிலேயே உண்டு என்பதை மறுக்கவில்லை. ஒடியற் கூழ் இன்று என் மகளுக்கு மிகவும் விருப்பமான உணவு. ஆனால் அரிசியையும் குரக்கனையும் மாவாக்கக் கொண்டு செல்லும் ஆலையில் அதற்கு முன்னர் கோதுமை அரைபட்டிருந்தால் அந்த மாவிலும் குளூட்டன் ஒட்டிவிடும். ஆகவே அரிசியை வீட்டிலேயே ஊறவைத்து இடித்து அரித்துக் கொள்கிறோம். வேலைக்குச் செல்லும் எல்லாத் தாய்மாருக்கும் இது இயலுமா என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

கட்டுரையில் விடுபட்ட இன்னொன்றையும் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். பிள்ளைக்கு இந்நோய் இருக்குமோ என்று ஐயுற்றவுடனே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திய பின் பரிசோதித்தால் குருதியில் இந்நோயைக் காட்டிக்கொடுக்கும் பிறபொருளெதிரிகள் குறைந்திருக்கும், குடலும் ஆறத் தொடங்கியிருக்கும். நோயை உறுதிப்படுத்துவது கடினமாகிவிடும். வழமைபோல் உண்டுகொண்டிருக்கும்போதே குருதிப் பரிசோதனையையும், வைத்தியர் வேண்டினால் சிறுகுடலிலிருந்து இழையத் துண்டு எடுக்கும் பரிசோதனையையும் செய்து முடிக்க வேண்டும். ஒருவருக்கு நோய் உறுதியானால் பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் பரிசோதிப்பது அவசியம். அவர்களுள் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருக்கக்கூடும்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சாப்பாட்டுக் கடை நடத்துவோரிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று. இடியப்பத் தட்டின் அருகிலும் பிட்டின் அருகிலும் "கோதுமை மா சேர்ந்தது" அல்லது "அரிசி மா மட்டும்" என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு துண்டு எழுதி வைத்தாற் போதும். கேட்கும்போது சலிக்காமல் உண்மையைச் சொல்லும் பணியாளர்கள் சிலரை அறிவேன். அவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். தங்கள் இதழின் சமையற் பக்கத்தில் "மா" என்று மட்டும் குறிப்பிடாமல், அரிசி மாவா, கோதுமை மாவா, அவித்ததா, அவிக்காததா என்று தெளிவாக அச்சிடுங்கள். பெருங்காயமும் சோயா சோஸும் சேரும் குறிப்புகளில் அவற்றிற் கோதுமை இருக்கக்கூடும் என்று ஒரு வரி சேர்த்து விடுங்கள்.

இங்ஙனம்,
ஒரு தாய்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.